ராத்திரி வெளிய படுக்குறவங்ககிட்ட நம்ம விசுவாசம் நம்மள எதுக்கு அனுப்புது?

மெழுகுவர்த்தி_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில் தமிழ்ப் பூசைக்குப் போறவ. கொஞ்ச வருஷமா ஒரு சின்ன குழுவோட சேர்ந்து, வீடில்லாம வெளிய படுக்குறவங்கள ராத்திரியில பாக்கப் போயிட்டு வர்றேன். இதப் பத்தி வாயத் திறந்தாலே நம்ம ஆளுங்க கேக்குற மொத கேள்வி, "சிங்கப்பூர்லயா? அப்படி ஆளுங்க இருக்காங்களா?" இருக்காங்க. பதினோரு மணிக்கு மேல சைனாடவுன் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்க, அடுக்குமாடி புளோக் கீழ, கடைக மூடுன அப்புறம் அந்த நடைபாதையில, இருபத்துநாலு மணி நேர மெக்டொனால்ட்ஸ்ல மேசையில தலைய வச்சுக்கிட்டு.

ரெண்டாவது கேள்வி, "சாப்பாடு குடுக்குறீங்களா?" எனக்கு மனசுல இருக்குறதே இதான், அதுக்குத்தான் இந்த இழைய ஆரம்பிக்கிறேன்.

இங்க சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லங்க. கோயில்ல அன்னதானம் இருக்கு, சீக்கியங்க குருத்வாராவுல லங்கர்னு இலவச சாப்பாடு இருக்கு, பாக்கெட் சாப்பாடு குடுக்குற குழுக்களும் நிறைய இருக்கு, சில எடத்துல ஒரே ராத்திரியில ஒரு குழு மாத்தி ஒரு குழு வந்து ஆளுக்கொரு பாக்கெட்ட வச்சுட்டு ஒரு ஹலோ சொல்லிட்டு போயிடுறாங்க, அங்க படுக்குற பெரியவர் அதயெல்லாம் பக்கத்துல அடுக்கி வச்சுட்டு காலையில கெட்டுப்போச்சேன்னு வருத்தத்தோட தூக்கிப் போடுறாரு. அவர்கிட்ட இல்லாதது திரும்பி வர்ற ஆளு. போன வாரம் என்ன சொன்னாருன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு இந்த வாரம் வந்து "அங்கிள், அந்த முட்டி வலி எப்படி இருக்கு?"ன்னு கேக்குற ஆளு.

பைபிள்ல மத்தேயு 25ம் அதிகாரம் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம், பசியா இருந்தேன், தாகமா இருந்தேன், அன்னியனா இருந்தேன். எத்தனையோ பிரசங்கத்துல கேட்டிருக்கோம். ஆனா அந்த இடத்துல ஆண்டவர் யாரு பக்கம் நிக்கிறாருன்னு பாருங்க. குடுக்குறவன் பக்கம் இல்ல, வாங்குறவன் பக்கம். பசியா இருந்தது நான்தான்னு சொல்றாரு. அப்ப நாம இயேசுவ ஒரு பையில போட்டு அங்க எடுத்துட்டுப் போகல, அவர் அங்கதான் இருக்காரு, நாம பாக்கப் போறோம். இது மனசுல ஏறிட்டா நாம பேசுறது மாறும், உக்கார்ற விதம் மாறும். எனக்கு மாறுச்சு. உங்களுக்கு எப்படி? விசுவாசம் இந்த வேலையில உங்களுக்கு என்ன செய்யுது?

ஜூரோங்_செல்வம்:

அக்கா, உங்க மனச மதிக்கிறேன், ஆனா ஒரு விஷயத்த நேரா சொல்லிடுறேன். இந்த நாட்டுல வீட்டுக்கு வழி இருக்கு. வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வாடகை வீடு இருக்கு, சிபிஎஃப் சேமநிதி இருக்கு, குடும்ப சேவை நிலையம் இருக்கு. எங்கப்பா கப்பல் பட்டறையில வேலை பார்த்து மூணு பிள்ளைங்கள படிக்க வச்சாரு, ஒருத்தர்கிட்டயும் கை நீட்டல. வெளிய படுக்குறவங்கள்ல பாதிப் பேர் குடும்பத்தோட சண்ட போட்டுட்டு வந்தவங்க, இல்லன்னா சூதாட்டம், தண்ணி. நாம போயி உக்காந்து பேசி பேசி அந்த வாழ்க்கைய சுலபமாக்கிடுறோமோன்னு எனக்கு பயமா இருக்கு. நானும் கத்தோலிக்கன்தான், ஞாயிறு தவறாம போறவன்தான். உழைக்காதவன் சாப்பிடக்கூடாதுன்னு பவுலடியாரும் சொல்லியிருக்காருல்ல?

புளோக்கீழ்_தம்பி:

செல்வம் அண்ணே, நான் சமூக சேவைத் துறையில இருக்கேன் (நான் இருக்குற எடத்தோட பேரு வேணாம்), கொஞ்சம் விவரம் சொல்றேன்.

2019ல லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில இருந்து மொத தடவையா தீவு முழுக்க ஒரு ராத்திரிக் கணக்கெடுப்பு ஆய்வு வந்துச்சு, 921ல இருந்து 1,050 பேர் வரைக்கும்னு கணக்கு வந்துச்சு. அப்புறம் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022ல எண்ணுனப்ப தெருவுல 530 பேர், 2025ல 496. குறைஞ்சிருக்கு, நல்ல விஷயம். ஆனா அந்த 2019 ஆய்வுல எல்லாரையும் திரும்பிப் பாக்க வச்சது வேற, பேசுனவங்கள்ல பாதிக்கு மேல வேலை பாக்குறவங்க. கிளீனர், செக்யூரிட்டி, தட்டு கழுவுறவர். உழைக்காதவங்க இல்லண்ணே, உழைச்சுட்டு வந்து படுக்க எடமில்லாதவங்க. பெரும்பாலும் ஐம்பது வயசுக்கு மேல இருக்குற ஆம்பளைங்க.

வாடகை வீடு இருக்குன்னு சொன்னீங்க. இருக்கு. ஆனா தனி ஆளுன்னா, வழக்கமான முறையில ரெண்டு பேர் சேர்ந்துதான் ஒரு வீட்டுக்கு விண்ணப்பிக்கணும். விவாகரத்தான ஒருத்தர், ஜெயில்ல இருந்து வந்த ஒருத்தர், ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு அறை. ஒருத்தர் சிகரெட், ஒருத்தருக்கு ஆஸ்துமா. ஒருத்தர் நைட் ஷிப்ட், ஒருத்தர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ரேடியோ போடுவாரு. சண்ட வரும், ஒருத்தர் பைய எடுத்துக்கிட்டு கீழ எறங்கிடுவாரு. காகிதத்துல அவருக்கு வீடு இருக்கு, ராத்திரி படுக்குறது மட்டும் வெளிய. இதப் புரிஞ்சுக்கிட்டுத்தான் 2021 கடைசியில வேற ஒரு முறைய பரிட்சார்த்தமா கொண்டு வந்தாங்க, ஜோடி தேடாம தனியா விண்ணப்பிக்கலாம், நடத்துற அமைப்பே பொருத்தமான ஆள சேர்த்து விடும், நடுவுல தடுப்பும் இருக்கும். அது நல்லா உதவுது, ஆனா அதுக்கு விண்ணப்பம் போடவே ஒருத்தர் கூட்டிட்டு வரணும். கூட்டிட்டு வர்ற ஆள நம்பணும். நம்புறதுக்கு அந்த ஆளு பல தடவ வந்து உக்காந்து பேசியிருக்கணும். அக்கா சொல்ற "திரும்பி வர்ற ஆளு" இல்லன்னா எங்க ஆபீசுல இருக்குற ஃபாரம் எல்லாம் வெறும் ஃபாரம்தான்.

பிடோக்_பெரியம்மா:

செல்வம் தம்பி, பவுலடியார் சொன்னது உழைக்க மனசில்லாதவனப் பத்தி. உழைச்சும் எடமில்லாதவனப் பத்தி இல்லப்பா. கோவிச்சுக்காத.

நான் வின்சென்ட் தே பால் சபையில ரொம்ப காலமா இருக்கேன், இப்ப முட்டி தேஞ்சு வெளிய அவ்வளவா போறதில்ல. நம்ம சபை எப்படி ஆரம்பிச்சுதுன்னு இளசுகளுக்குத் தெரியாது, அதான் எழுதுறேன். 1833, பாரிஸ். ஃபிரடெரிக் ஓசானாம்னு இருபது வயசுப் பையன், காலேஜ் மாணவன். கூட்டம் போட்டு திருச்சபையோட பெருமையப் பேசிட்டு இருந்தாங்க. எதிர்ல இருந்த ஒருத்தன் கேட்டான், அந்தக் காலத்துல செஞ்சீங்க சரி, இப்ப என்ன செய்றீங்க? பதில் சொல்ல முடியல. அதுக்கப்புறம் அவங்க பேச்ச விட்டுட்டு ஏழைங்க வீட்டுக்குப் போனாங்க. ரோசாலி ரான்டூன்னு ஒரு கன்னியாஸ்திரி அம்மா, பாரிஸ்லயே ரொம்ப ஏழ்மையான பகுதியில வேலை பார்த்தவங்க, அவங்கதான் பையன்களுக்கு எந்த வீட்டுக்குப் போகணும், எப்படிப் பேசணும்னு கத்துக் குடுத்தது. அம்பது வருஷத்துல, 1883ல அந்தச் சபை சிங்கப்பூருக்கே வந்துடுச்சு, நம்ம லூர்து மாதா கோயில் திறக்குறதுக்கும் அஞ்சு வருஷம் முந்தி.

இன்னைக்கும் எங்க முறை அதான். ரெண்டு ரெண்டு பேரா போகணும். பணத்த அனுப்பிட்டு வேலைய முடிச்சுக்கக் கூடாது, நேர்ல போயி உக்காரணும். ஏன் ரெண்டு பேருன்னா, ஒருத்தர் போனா தர்மப் பிரபு ஆயிடுவோம்மா, பக்கத்துல இன்னொருத்தர் இருந்தா அந்தத் தலைக்கனம் வராது. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க இன்னொண்ணும் சொன்னாங்க, உள்ள நுழையுறப்ப அவங்க குடுக்குற தண்ணிய வாங்கிக் குடி, வேணாம்னு சொல்லாத. அவங்களும் குடுக்கணும்ல.

தேக்கா_பொண்ணு:

நான் கிறிஸ்தவ பொண்ணு இல்ல, இந்து. ஆனா படிக்கப் படிக்க எழுதணும்னு தோணுச்சு. எங்க வீட்டுல பாட்டி வள்ளலார் பக்தை, வடலூர்ல 1867ல ஏத்துன அடுப்பு இன்னும் அணையாம எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க, பசிச்சவன் வந்தா ஜாதி மதம் கேக்காம சோறு போடுன்னு. அதனால அக்கா சொல்றது எனக்கு அன்னியமா இல்ல.

ஆனா ஒரு கேள்வி இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் காலேஜ் ஃப்ரெண்ட்ஸோட ஒரு குழுவுல போயிருக்கேன் (எந்தக் குழுன்னு சொல்ல வேணாம்). கடைசியில சாப்பாட்டுப் பாக்கெட்டோட ஒரு துண்டுச் சீட்டு, அப்புறம் கைய புடிச்சுக்கிட்டு செபம். அந்த அம்மா முஸ்லிம்னு நினைக்கிறேன், தலைய குனிஞ்சுக்கிட்டே இருந்தாங்க. வேணாம்னு சொல்ல அவங்களுக்குத் தைரியம் இல்ல, ஏன்னா கையில சோறு இருக்கு. எனக்கு அன்னைக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. உங்க குழுவுலயும் அப்படித்தானா? என்ன மாதிரி ஆளு உங்களோட வரலாமா?

மெழுகுவர்த்தி_அக்கா:

தங்கச்சி, நீ கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. நாங்க அப்படிச் செய்றதில்ல. சோத்த கையில வச்சுக்கிட்டு விசுவாசத்தப் பேசுனா அது விசுவாசத்துக்கே அவமரியாதைன்னு நான் நினைக்கிறேன். அவங்களா கேட்டா, "அக்கா, எனக்காக வேண்டிக்கங்க"ன்னா, கண்டிப்பா வேண்டிக்குவேன், அங்கயே வேண்டிக்குவேன். கேக்காதவங்களுக்கு வீட்டுக்கு வந்து செபமாலையில அவங்க பேரச் சொல்லி வேண்டிக்குறேன், அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல.

நீ வரலாமான்னா, தாராளமா வா. தூர் நகரத்து புனித மார்ட்டின் கதை தெரியுமா? ரோமப் படையில குதிரை வீரன். அமியான் ஊர் வாசல்ல, கடுங்குளிர்ல, துணியில்லாத ஒரு பிச்சைக்காரரப் பார்த்தான், தன்னோட மேலங்கிய வாளால ரெண்டா வெட்டி பாதியக் குடுத்தான். அன்னைக்கு ராத்திரி கனவுல அந்தப் பாதி அங்கியப் போட்டுக்கிட்டு கிறிஸ்து நின்னாரு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் புடிச்சது என்ன தெரியுமா, அப்ப மார்ட்டின் இன்னும் ஞானஸ்நானமே வாங்கல. ஆண்டவர் அதயெல்லாம் பாக்காமத்தான் அந்தத் துணியப் போட்டுக்கிட்டாரு. நவம்பர் 11 அவர் திருநாள்.

நாங்க போற எடத்துல ஒரு பெரியவர் இருக்காரு, ஃபுட் கோர்ட்ல தட்டு கழுவுறவர். வேலை முடிஞ்சு வர்றப்ப மணி பதினொண்ணு தாண்டிடும். அட்டைப்பெட்டிய நாலா மடிச்சு ஒரு தூணுக்குப் பின்னால செருகி வச்சிருப்பாரு, அத எடுத்து விரிச்சு, அதுக்கு மேல ஒரு பழைய பனியன விரிச்சு, செருப்பு ரெண்டையும் பிளாஸ்டிக் பையில கட்டி தலைக்கு அடியில வச்சுக்குவாரு. தலகாணிக்கு இல்ல, திருடு போயிடக் கூடாதுன்னு. ஒரு தடவ செருப்பு போயிடுச்சு, வெறுங்காலோட வேலைக்குப் போயி மேனேஜர்கிட்ட திட்டு வாங்குனாரு. விடிகாலை அஞ்சு மணிக்கு கிளீனர் வர்றதுக்கு முந்தி எல்லாத்தையும் சுருட்டி, அந்த எடத்தக் கையாலயே கூட்டிட்டுப் போவாரு, அடுத்த நாள் யாரும் புகார் குடுக்கக் கூடாதுல்ல. குளிக்கிறது நீச்சல் குளத்துல, நுழைவுக் கட்டணம் கட்டி.

அவரு விரல் நடுவுல எல்லாம் தண்ணியில ஊறி வெள்ளையா வெடிச்சிருக்கும். எங்க குழுவுல ஒரு நர்சு இருக்காங்க, அவங்க தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அந்தக் கைய மடியில வச்சு, மெதுவா மருந்து தடவுவாங்க. அவசரமே படமாட்டாங்க. பெரிய வியாழன்ல சாமியார் பாதம் கழுவுறத வருஷத்துக்கு ஒரு தடவ கோயில்ல பாக்குறோம், அந்த அம்மா தடவுறப்ப எனக்கு அந்த வாசகந்தான் காதுல கேக்கும். அந்த நர்சம்மா இதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல.

துவாஸ்_திருச்சிக்காரன்:

அக்கா, பெரியம்மா எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சி பக்கம், இங்க துவாஸ்ல வேலை, தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரியில இருக்கேன். எங்களுக்குக் கட்டில் இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் நம்மளது கிடையாது, அதனால கொஞ்சம் புரியுது. லீவு கெடைக்கிற ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்துட்டு சில தடவ ஒரு அண்ணனோட சேர்ந்து தேக்கா பக்கம் படுத்திருக்குற ஒரு தமிழ்ப் பெரியவரப் பாத்துப் பேசிட்டுப் போவேன். தமிழ்ல பேச ஆளு கெடைச்சா அவருக்கு அவ்வளவு சந்தோஷம், ஊரு எது, மழை பேஞ்சுதா, காவேரியில தண்ணி வருதான்னு கேப்பாரு, அவரு பொறந்தது இங்கதான், காவேரிய பாத்ததே இல்ல, அவங்கப்பா சொன்னதாம்.

ஆனா ஒரு நாள் என் கழுத்துல செபமாலையப் பார்த்துட்டு கோவமாயிட்டாரு. "உங்க சாமி எங்கடா இருந்தாரு, எம்பொண்டாட்டி போனப்ப?"ன்னு கத்துனாரு. எனக்கு பதில் வரல. சும்மா உக்காந்துட்டேன். அந்த மாதிரி நேரத்துல என்ன சொல்லணும்?

பிடோக்_பெரியம்மா:

ராசா, நீ செஞ்சதுதான் சரி. யோபு ஆகமத்துல பாரு. பிள்ளைங்க செத்து, உடம்பெல்லாம் புண்ணோட யோபு சாம்பல்ல உக்காந்திருக்காரு. சிநேகிதங்க மூணு பேர் வந்து ஏழு நாள் ஏழு ராத்திரி தரையில அவரோட உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல. அது வரைக்கும் அவங்க நல்ல சிநேகிதங்க. வாயத் தொறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சப்பதான் கெட்டுப் போச்சு. கடைசியில ஆண்டவர் கோவிச்சுக்கிட்டது யாரை? சாமிய எதுத்துக் கேட்ட யோபுவ இல்ல, சாமிக்கு வக்காலத்து வாங்குன அந்த மூணு பேரத்தான்.

அப்புறம் இன்னொண்ணு. நம்ம புனிதர்கள்ல ஒருத்தரு வீடில்லாதவராவே வாழ்ந்து செத்தவரு. பெனடிக்ட் ஜோசப் லாப்ரே, பிரான்ஸ்ல பொறந்தவரு. மடத்துல சேரணும்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு கதவத் தட்டுனாரு, உடம்பு முடியாதவன், இந்த வாழ்க்க உனக்கு ஒத்துவராதுன்னு ஒரு எடத்துலயும் வச்சுக்கல. நடந்து நடந்து ரோமாபுரிக்குப் போயி, அந்தப் பழைய கொலோசியம் இடிபாட்டுல படுத்தாரு, கந்தலோட, பேனோட, பகல் முழுக்க கோயில்ல நற்கருணை முன்னாடி. 1783ல முப்பத்தஞ்சு வயசுல புனித வாரத்துல செத்துப் போனாரு. 1881ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. நாம பீடத்துல வச்சு மெழுகுவர்த்தி ஏத்துறது அந்த மாதிரி ஆளுக்குத்தான்.

ஜூரோங்_செல்வம்:

தம்பி சொன்ன விவரம் எனக்குப் புதுசு, அந்த ரெண்டு பேர் ஒரு அறை விஷயம் யோசிக்க வைக்குது. இருந்தாலும் ஒவ்வொருத்தருக்கும் சொந்தப் பொறுப்பு இருக்குங்குறத நான் விடமாட்டேன்.

ஆனா இப்ப நான் நம்மளையே பார்த்து ஒண்ணு கேக்குறேன். பெரியம்மா லாப்ரே கதை சொன்னாங்க. அவரு நம்ம பங்குக் கோயிலுக்கு வந்தா என்ன நடக்கும்? ஒரு கோயில்ல (எதுன்னு வேணாம்) ஞாயிறு பூசையில ஒரு பெரியவர் வந்து நடுவுல உக்காந்தாரு, நாத்தம். ரெண்டு பக்கமும் பெஞ்சு காலியாச்சு, சமாதானம் சொல்ற நேரத்துல அவர் கைய நீட்டுறாரு, புடிக்க ஆளில்ல. நான் பின்னால பெஞ்சுல இருந்து பார்த்தேன். புளோக் கீழ போயி உக்கார்றது நல்லதுதான், நம்ம பெஞ்சுல எடம் குடுக்குறோமா?

மெழுகுவர்த்தி_அக்கா:

செல்வம் அண்ணே, இதுக்கு மேல நேரா ஒரு கேள்வி கேக்க முடியாது. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தியே புனித யோவான் கிறிசோஸ்தோம் இதத்தான் பிரசங்கத்துல போட்டு ஒடைச்சாரு, கோயிலுக்குள்ள பட்டுத்துணி போட்டு கிறிஸ்துவ அலங்கரிச்சுட்டு, வெளிய குளிர்ல துணியில்லாம நிக்கிற அதே கிறிஸ்துவ விட்டுட்டுப் போகாதீங்கன்னு. போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015ல வத்திக்கான்ல புனித பேதுரு சதுக்கத்துத் தூண்கள் பக்கத்துலயே வீடில்லாதவங்களுக்குக் குளிக்கிற எடமும் முடி வெட்டுற எடமும் கட்டி விட்டாரு. நாத்தம்னு வெலகிப் போறதுக்கு அதான் பதில். குளிக்க எடம் குடு. 2017ல இருந்து வருஷா வருஷம் ஏழைகள் தினம்னு ஒரு ஞாயிற வச்சாரு, கிறிஸ்து அரசர் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. அன்னைக்கு ஒரு நாள் விருந்து வச்சுட்டு மறந்துடாம, வருஷம் பூரா அவங்களுக்குன்னு பங்குல ஒரு ஷவர், ஒரு லாக்கர், மாத்துத் துணி வைக்க முடியுமான்னு எங்க குழு கேட்டுக்கிட்டே இருக்கோம். பை வைக்க ஒரு லாக்கர் எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய படுத்தவங்களுக்குத்தான் தெரியும், ஐசி (அடையாள அட்டை) தொலைஞ்சா எல்லாம் தொலைஞ்சுது.

புளோக்கீழ்_தம்பி:

அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்குறேன். 2019ல அமைச்சு பியர்ஸ்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சுது, அரசாங்க அமைப்புகள், தொண்டுக் குழுக்கள், சமயக் குழுக்கள் எல்லாம் சேர்ந்தது. அதுல தேவாலயங்க, பள்ளிவாசல் மாதிரி எடங்க ராத்திரி தங்க எடம் திறந்து விட்டுச்சு. 2020 ஏப்ரல்ல கோவிட் முடக்கம் வந்து மெக்டொனால்ட்ஸ், கோப்பிக்கடை எல்லாம் உக்கார விடாம ஆனப்ப, அது வரைக்கும் நம்ம கண்ணுல படாத ஆளுங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க, அப்ப இந்த எடங்க இல்லன்னா ரொம்பக் கஷ்டமாயிருக்கும். மெத்தைய விரிக்க ஹால் இருக்குற எந்த பங்கும் இதப் பத்தி அமைச்சோட பேசலாம்.

நேர்ல போறவங்களுக்கு ரெண்டு வேண்டுகோள். போட்டோ எடுக்காதீங்க, முகத்த மறைச்சுப் போட்டாலும் வேணாம், அவர் மகள் எங்கயோ இருக்கா. தூங்குறவங்கள எழுப்பாதீங்க, அந்த ரெண்டு மூணு மணி நேரம் தூக்கத்துக்கு அவங்க என்ன பாடு படுறாங்கன்னு தெரியாது.

ஜூரோங்_செல்வம்:

சரி. எங்க புளோக் கீழ, லெட்டர் பாக்ஸுக்குப் பின்னால ஒரு பெரியவர் கொஞ்ச நாளா படுக்குறாரு. சீனர், எழுபது வயசு இருக்கும்னு நினைக்கிறேன். எனக்கு சீனம் தெரியாது. டவுன் கவுன்சிலுக்கு சொல்லலாமான்னு மனைவி கேட்டா, வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். இப்ப நான் என்ன செய்யணும்?

மெழுகுவர்த்தி_அக்கா:

அண்ணே, நிறுத்தி வச்சது ரொம்ப நல்லது. பாஷை தெரியலன்னா பரவாயில்ல, ஒன்பது பத்து மணிக்கு அவரு படுக்குறதுக்கு முந்தி அண்ணியையும் கூட்டிட்டு எறங்குங்க, ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) தபாவ் பண்ணி, அதான் பார்சல் கட்டி, கொண்டு போங்க, நின்னுக்கிட்டு குடுக்காதீங்க, பக்கத்துல உக்காருங்க. "அங்கிள், சாப்டாச்சா"ன்னு கேக்குற அளவுக்கு மலாயோ இங்லீசோ போதும், அந்த வயசுக்காரங்களுக்கு பசார் மலாய், அதான் சந்தையில பேசுற மலாய், நல்லாவே வரும். மொத நாளே எதையும் விசாரிக்காதீங்க. ரெண்டு மூணு தடவ அப்புறம் அவரு சம்மதிச்சா அரசாங்க உதவித் திட்டமான கம்கேர் 1800-222-0000க்கு போன் போடுங்க, இல்ல உங்க பேட்டை குடும்ப சேவை நிலையத்துக்கு அவரோட சேர்ந்து போங்க. உடம்பு முடியாம, மயங்கிக் கிடந்தா மட்டும் எதுக்கும் காத்திருக்காதீங்க, ஆம்புலன்சுக்கு 995.

எங்க குழுவுல ஹோக்கியன் பேசுற ஒரு ஆண்ட்டி இருக்காங்க, வெள்ளிக்கிழமை ஜூரோங் பக்கம் வர முடியும்னு சொல்றாங்க. உங்க புளோக் நம்பர இங்க போடாதீங்க, எனக்குத் தனி மெசேஜ் அனுப்புங்க.

ஜூரோங்_செல்வம்:

அனுப்பிட்டேன் அக்கா. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு லிஃப்ட் பக்கத்துல நிப்பேன்.